மார்ச் 1

பெத்தவங்க கையாலயோ பாத்துக்கறவங்க கையாலயோ கொல்லப்பட்ட மாற்றுத்திறனாளிகளோட பேரை வாசிச்சு விளக்கேத்தற நாளுங்க இன்னைக்கு. 2012-ல அமெரிக்காவுல ஆட்டிசம் இருந்த 22 வயசுப் பையனை அவன் அம்மாவே சுட்டுக் கொன்னாங்க. நிறையப் பேரு அம்மாவுக்காகத்தான் உருகுனாங்க. அது பொறுக்காம, ஆட்டிசம் இருக்கறவங்களே ஆரம்பிச்சது இது.

நம்ம கோபிச்செட்டிபாளையம் பக்கம் மட்டும் என்ன வாழுது? இப்படியொரு செய்தி பேப்பர்ல வந்தா டீக்கடையில, "பாவமுங்க அந்தம்மா, எத்தன நாளைக்குத்தான் பாக்கும்"னுவாங்க. "புள்ளைக்கும் விடுதலைதானுங்க"னு ஒருத்தர் முடிச்சு வெப்பாரு. செத்த புள்ள பேரென்னன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

என் தம்பிக்கு 31 வயசு. பேச்சு வராது. சாயங்காலம் பால் வண்டி ஆரன் கேட்டாப் போதும், திண்ணையில உக்காந்துட்டு ரெண்டு கையும் தட்டுவான். வண்டிக்காரண்ணன் அவனுக்குன்னே இன்னொருக்கா அடிப்பாரு.

அம்மாவுக்கு முதுகுவலி, ராத்தூக்கம் இல்ல, மாத்திப் பாக்க ஆளில்ல. எல்லாம் நெசந்தான். அதுக்கு ஆளு வேணும், உதவித்தொகை வேணும்னு சண்டை போடோணும். கொலைக்குச் சமாதானம் சொல்றதுக்கு அது காரணமாகாது.

போன நோம்பிக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர், அவனை வெச்சுட்டே கேட்டாரு: "உங்களுக்கப்புறம் இவன என்னதான் பண்றதுங்க, சாமியா பாத்துக் கூப்பிட்டுக்கிட்டாத் தேவல."

அவன் கேட்டுட்டுத்தான் இருந்தான். அன்னைக்கு ஆரன் அடிச்சப்ப கை தட்டல.