நிசிரோஸ் நடைக் குறிப்புகள்

மே 12, மந்த்ராகி

நிசிரோஸ் கிரேக்கத்தின் எரிமலைத் தீவுகளில் ஒன்று. பக்கத்துக் கோஸ் தீவின் தென்கரையில் இருக்கும் கர்தமேனாவிலிருந்து படகு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. கோஸ் நகரத்திலிருந்தும் கப்பல் உண்டு, ஆனால் எல்லா நாளும் கிடையாது. வழியில் வெள்ளையாகத் தெரிவது யாலி தீவு. நுரைக்கல் வெட்டி வெட்டி அதன் ஒரு பக்கமே படிப்படியாக ஆகிவிட்டது.

நிசிரோஸ் ஏறக்குறைய வட்டம். குறுக்களவு 8 கிலோமீட்டர்தான். நடுவில் சுமார் 4 கிலோமீட்டர் அகலத்துக்குக் கால்டெரா, அதாவது எரிமலை உள்ளே சரிந்து உண்டான பெருங்குழி. ஊர்கள் நான்கு: துறைமுகமான மந்த்ராகி, மீன்பிடி ஊரான பாலி, கால்டெராவின் விளிம்பில் எம்போரியோஸும் நிக்கியாவும். பகல் படகில் வருகிறவர்கள் பேருந்தில் போய்க் கால்டெராவின் தரையில் இருக்கும் ஸ்டெஃபானோஸ் என்ற பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்கு இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். இரண்டு இரவாவது தங்கி, காலையில் மேலிருந்து இறங்கினால்தான் தீவு பிடிபடும்.

பேருந்து நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். துறைமுகத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்ப்பதே உத்தமம்.

மே 13, நிக்கியாவிலிருந்து ஸ்டெஃபானோஸ்

முதல் பேருந்தில் நிக்கியா. கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். கூழாங்கல் கோலம் பதித்த வட்டச் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, ஊர் விளிம்பில் கீழே போகும் பழைய கற்பாதையைப் பிடிக்க வேண்டும். பள்ளம் வரை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். கற்கள் உருண்டு தேய்ந்தவை, பனி ஈரம் காயாத காலையில் வழுக்கும். பாதை தப்புவது பெரும்பாலும் வளைவுகளில்தான்: நேராகப் போகிற ஆட்டுத்தடம் அகலமாகத் தெரியும், ஆனால் முள்புதரில் கொண்டுபோய் விடும். காலடியில் பாவிய கல் நின்றுபோனால் உடனே திரும்பிவிடுங்கள். கம்பிப் படல்களைத் திறந்தால் மறுபடி கட்டிவிட வேண்டும், ஆடுகள் காத்திருக்கின்றன.

ஸ்டெஃபானோஸ் பள்ளத்தின் அகலம் சுமார் 300 மீட்டர், ஆழம் 27 மீட்டர் போல. இது எரிகுழம்பு கக்கிய வாய் அல்ல. மழைநீரும் கடல்நீரும் நிலத்தடியில் சூடேறி, ஆவி அழுத்தம் தாங்காமல் பாறையைப் பெயர்த்தெறிந்த பள்ளம். இந்த வகையில் பெரிய வெடிப்புகள் 1873லும் 1887லும் நடந்தன. அப்போதைய சிறு பள்ளங்கள் வடமேற்கே சில நிமிட நடையில் இருக்கின்றன. 1980களில் மின்சாரத்துக்காகத் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளில் 300 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தது. ஊரார் எதிர்த்ததால் அந்தத் திட்டம் நின்றது.

அடித்தளத்தில் நடக்கலாம், ஆனால் நிறத்தைப் பார்த்து நடக்க வேண்டும். பலர் மிதித்துக் கெட்டிப்பட்ட சாம்பல் நிறத் தரை பரவாயில்லை. வெளுத்து உப்பிய இடமும், ஈரமாகப் பளபளக்கும் இடமும் வேண்டாம். அங்கே பொருக்கு மெல்லியது, அடியில் கொதிக்கும் சேறு. ஆவித்துளைகளில் சூடு 100 டிகிரியை ஒட்டி இருக்கும். குனிந்து பார்த்தால் துளையின் உதட்டில் மஞ்சள் கந்தகம் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. விரல் பட்டாலே நொறுங்கும், விரலும் வெந்துபோகும். ஒரே இடத்தில் நின்றால் பசை வைத்து ஒட்டிய ஷூவின் அடிப்பாகம் இளகிவிடும். வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள், கறுத்துப்போகும். அழுகிய முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது. வாயு போய்விட்டதாக அர்த்தம் இல்லை. காற்றில்லாத நாளில் குழிவான மூலைகளில் தங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் விளிம்பிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பதினொரு மணி வாக்கில் பேருந்துகள் வரத் தொடங்கும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். பள்ளத்தில் துளி நிழல் கிடையாது.

மே 14, எம்போரியோஸ்

ஊர் நுழைவிலேயே ஒரு சிறு குகை. உள்ளே நிலத்தின் ஆவி, இலவச நீராவிக் குளியல். பாதி வீடுகள் இடிந்து கிடக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டைக்கடலை வடையான பிதியா. வேறு வேலை இல்லை.

மே 15, ப்ரொஃபிட்டிஸ் இலியாஸ்

698 மீட்டர், தீவின் உச்சி. மந்த்ராகியிலிருந்து எவாங்கலிஸ்ட்ரியா மடம் வரை ஒரு மணி நேரம். அங்கிருந்து மேலே இன்னும் ஒன்று, ஒன்றரை. மேல்பாதியில் கற்குவியல்களே வழிகாட்டி, மேகம் இறங்கினால் அடுத்த குவியல் தெரியாது. உச்சி மூடியிருக்கும் காலையில் கிளம்பக் கூடாது. இந்தத் தீவில் ஓடை கிடையாது, பழைய மழைநீர்த் தொட்டிகளை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முள்ளுக்கு முழுக்கால் சட்டை.

மே 16, பேலியோகாஸ்ட்ரோ

மந்த்ராகிக்கு மேலே, கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கோட்டை மதில். சாந்து இல்லாமல் கறுப்பு எரிமலைக் கல்லை இழைத்து அடுக்கியிருக்கிறார்கள். இடுக்கில் கத்தி முனை நுழையாது. வாயில் அருகே கல்லில் ஓர் அறிவிப்பு: மதிலிலிருந்து ஐந்தடி பொது நிலம். ஆக்கிரமிப்பு அன்றும் இருந்திருக்கிறது.

திரும்பும் படகு பற்றி ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று வீசினால் சிறு படகுகள் நின்றுவிடும். கோஸில் விமானம் பிடிக்க வேண்டுமானால் முந்தின நாளே கடந்துவிடுங்கள்.