காற்று விடட்டும்: நெடுந்தீவுக் குறிப்புகள்

மே 6
குறிகட்டுவானில் படகு ஏறும்போது கடல் அசையாமல் கிடந்தது. சீமெந்து மூட்டைகள், கோழித்தீன், ஒரு புது மெத்தை, நித்திரை முறியாத ஆசிரியர்கள். ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவின் மாவிலித்துறை. அம்மா வாசலுக்கு வரவில்லை. பின்வளவில், கல்வேலியில் கல் சரிந்து விழுந்திருந்த பொட்டை, அந்த இடைவெளியை, பார்த்தபடி நின்றார். “இதை அடுக்க ஆள் பிடிக்க வேண்டும், மோனை” என்றார். அவர் கால் வீக்கம் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

மே 7
அம்மாவுக்குக் கிளினிக் 21ஆம் திகதி, கடல் தாண்டி.

மே 9
கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது. ஆறு இல்லாத, மலை இல்லாத சுண்ணாம்புக்கல் தீவு இது. மாரியில் விழும் மழைதான் நிலத்துக்கடியில் மெல்லிய படையாக உப்புநீரின் மேல் நிற்கிறது. கோடையில் இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்பு ஏறும். தெற்கே சாரப்பிட்டியில் மட்டும் நல்ல தண்ணீர். அம்மாவுக்கு உப்பு ஆகாது என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சாப்பாட்டில் குறைத்துவிடலாம்; கிணற்றில் எப்படிக் குறைப்பது? சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்கி வைத்திருக்கிறேன். தேநீருக்கு அதுதான் என்றேன். தேநீரில் ருசியே இல்லை என்கிறார்.

மே 11
காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது. சோளகம்.

மே 12
மீண்டும் பொட்டு. காலை எழுந்ததும் அதுதான், படுக்கும்போதும் அதுதான். எங்கள் வேலிகள் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக்கல், வேலிகள். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லின்மேல் கல்லை இருத்திப் பொருத்துவது மட்டுமே. இடுக்குகளுக்குள்ளால் காற்றுப் போய்விடுவதால் எந்தச் சோளகத்துக்கும் வேலி சாய்வதில்லை. சாய்ப்பது மாடும் குதிரையும்தான். அடுக்கத் தெரிந்த கிழவர் ஒருவர் மேற்கில் இருக்கிறார். வருவேன் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. அவருடைய மகன்மார் இருவரும் கனடாவில். முட்கம்பி அடித்துவிடலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

மே 15
மாவிலித்துறையில் விளக்கேற்றினார்கள். 1985, இதே நாள், இங்கிருந்து புறப்பட்ட குமுதினி என்ற பயணிகள் படகை நடுக்கடலில் மறித்தார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே படகைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள், பல வருடங்கள். அம்மா அதில்தான் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய் வந்தார். “எப்படி அம்மா அதில் ஏறினீர்கள்?” என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.
“வேறு படகு இருந்ததா?” என்றார்.

மே 17
தொலைக்காட்சியில் கச்சதீவு. ஒருவர் மேசையில் அடித்துப் பேசினார். கச்சதீவும் எங்கள் பிரதேச செயலகத்துக்குள்தான் வருகிறது. அங்கே குடிநீர் இல்லை, குடியிருக்க ஆளும் இல்லை. அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு மட்டும் இரு கரையிலிருந்தும் சனம் கூடும். 1974இலிருந்து அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நாலாயிரம் பேரளவில் வாழும் இந்தத் தீவைப் பற்றி அந்த மேசையில் ஒருவரும் அடித்ததில்லை.

மே 18
படகு இல்லை.

மே 19
படகு இல்லை. குதிரைகள் பொட்டுக்குள்ளால் வந்துவிட்டன. ஒரு தாயும் குட்டியும், விலா எலும்பு தெரிய. போர்த்துக்கேயர் வளர்க்கத் தொடங்கி, ஒல்லாந்தர் தொடர்ந்து, 1811 முதல் 1824 வரை நோலன் என்ற ஆங்கிலேய அரசின் லெப்டினன்ட் இந்தத் தீவையே பண்ணையாக வைத்திருந்தார் என்பார்கள். அவர்கள் போய்விட்டார்கள். குதிரைகளுக்குப் போக இடமில்லை. ஒவ்வொரு வறட்சியிலும் தண்ணீரின்றிச் சில செத்துப்போகும். பத்திரிகையில் படம் வரும்.
அம்மா வாளியில் தண்ணீர் வைத்தார். கான் தண்ணீர்! நான் கத்திவிட்டேன். கிணற்று நீரை அவை முகர்ந்துவிட்டுப் போய்விடுமாம். பொட்டை அடைக்கச் சொல்வதும் இவர்தான், வந்ததற்கு வாளி வைப்பதும் இவர்தான்.

மே 20
காற்று குறையவில்லை. பனை ஓலைகள் இரவு முழுக்க அடித்தன. அவசர நோயாளி என்றால் தனிப் படகு ஒழுங்கு செய்வார்கள். அம்மாவுடையது அவசரம் இல்லையாம். எது அவசரம் என்று யார் தீர்மானிப்பது? மூச்சு வாங்கினால் அவசரம், கால் வீங்கினால் இல்லை. வீக்கத்தில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. நான் அழுத்துவதை அம்மா கவனித்துவிட்டார். “மாவா பிசைகிறாய்?” என்று காலை இழுத்துக்கொண்டார்.

மே 21
போகவில்லை.

மே 22
தொலைபேசியில் புதுத் திகதி: ஜூன் 4. தருவதற்குள் நான்கு பேரிடம் மாற்றி மாற்றிப் பேசவைத்தார்கள்.

மே 24
கடல் சற்று இறங்கியது. சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டது. பெருக்கு மரம், புறாக்கூடு, கோட்டை, வளரும் கல், குதிரை. மத்தியானப் படகோடு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். இன்று ஏன் கிளினிக் இல்லை?

மே 26
இடம்பெயரும் படிவம் பற்றி விசாரிக்கக் கிராம அலுவலரிடம் போனேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் பிரிவுகளுக்கு இலக்கம் இடும்போது ஜே/1 முதல் ஜே/6 வரை நெடுந்தீவுக்குத்தான். மாவட்டத்தில் வேறெதுவும் இங்கிருந்து தொடங்கியதாக எனக்கு நினைவில்லை.
மாலையில் அம்மா கேட்டார்: “படிவம் நிரப்பிவிட்டாயா?” யார் சொல்லியிருப்பார்கள்! இந்தத் தீவில் காற்றைவிடச் செய்தி வேகம்.

மே 27
பேசவில்லை.

மே 28
பேசவில்லை. கூழ் மட்டும் வைத்துத் தந்தார், உப்புப் போடாமல், பழிவாங்கும் வகையில்.

ஜூன் 1
கிழவர் வந்தார். கல்லை எடுத்து, திருப்பி, வைத்து, மறுபடி எடுத்து. பாதிதான் முடிந்தது. கீழ்வரிசைக்குப் பெரிய கல் போதவில்லையாம். அம்மா கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் அபிப்பிராயம் சொன்னார். இந்தக் கிழமை முழுவதிலும் அவர் முகம் தெளிந்திருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

ஜூன் 3
காற்று விட்டிருக்கிறது. நாளை காலைப் படகு ஓடும் என்கிறார்கள். மருந்து, கிளினிக் கொப்பி, இரண்டு சேலை. இரண்டு மட்டும்தான், அதற்குமேல் எடுக்க விடவில்லை. வாளியை நிரப்பப் பக்கத்து வீட்டு அக்கா ஒத்துக்கொண்டார், ஆனால் கிணற்று நீர்தான் ஊற்றுவாராம். கானில் மிச்சம் இருப்பதை அம்மா அவரிடம் அளந்து காட்டிக்கொண்டிருக்கிறார். நான் படகுக்கு