தெரிஞ்ச பொடியன்

லண்டனில் காஸ் வேலைக்கு வந்து பதினொரு வருடமாகிறது. இத்தனை வருடத்தில், காஸ் வேலைக்கு நான் பதிவுள்ளவன் என்று காட்டும் என் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மற்ற எல்லோரும் கேட்பது எவ்வளவு, எப்போ வருவீர்கள், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் என்றால் கூடவே ஊரில் எந்த இடம் என்றும் கேட்பார்கள்.

ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு. தை மாதக் குளிர். வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லர் அடிக்கடி நின்றுபோகிறது, வந்து பார் தம்பி என்று கூப்பிட்டார்கள். போட்டு இரண்டு வருடம்கூட ஆகாத பொய்லர், நல்ல கொம்பனியின் பொய்லர். குசினிப் பின்கதவைத் திறந்தேன். சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் கதவு வைத்து அடைத்த ஒடுங்கிய இடம். மீன் பொரிக்க, மிளகாய் வறுக்க என்று எங்கள் ஆட்கள் பலரது வீட்டில் இப்படி ஒன்று இருக்கும், குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் பொய்லரின் புகைக்குழாய் வெளியே வானத்தைப் பார்க்காமல் அந்த இடத்துக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பொய்லர்களின் குழாய், குழாய்க்குள் குழாய். உள்குழாயால் புகை போகும், வெளிக்குழாயால் எரிவதற்கான காற்று வரும். வெளியிடம் திறந்து கிடந்தால் பிரச்சினை இல்லை. அடைத்துவிட்டால் பொய்லர் தான் விட்ட புகையையே திரும்ப இழுக்கும், ஒட்சிசன் குறையக் குறைய எரிவது கெடும், கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு ஏறும். வீட்டுக் காஸுக்கு நாற்றம் இருப்பது, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்ப்பதால். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகையை அளக்கும் கருவியைப் புகைக்குழாயில் வைத்துப் பார்த்தேன். கார்பன் மொனொக்சைட்டுக்கும் கார்பன் டைஒக்சைட்டுக்கும் உள்ள விகிதம் 0.004-ஐத் தாண்டக்கூடாது. அது எப்போதோ தாண்டியிருந்தது.

"அன்ரி, உங்களுக்குத் தலையிடி ஏதும் வாறதா?"

"ஓம் தம்பி, பின்னேரத்தில ஒரே இடி. பிரஷர் எண்டு நினைச்சன். மகள் வீட்ட போய் நிண்டா சுகமாயிருக்கு, இஞ்ச வந்தா திரும்பத் தொடங்கிடும்."

எனக்கு முதுகு சில்லிட்டது. வீட்டை விட்டுப் போனால் சுகம், வந்தால் வருத்தம். வகுப்பில் படித்த அதே அறிகுறி, தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரே நிற்கிறது.

பொய்லரை நிறுத்தி, காஸைத் துண்டித்து, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டி, இருவரையும் உடனே டொக்டரிடம் போகச் சொன்னேன். அன்ரியின் கணவருக்குக் கோபம். இந்தக் குளிரில் நிற்பாட்டிவிட்டுப் போகிறாயா என்றார். நீங்கள் மறித்தால் நான் காஸ் அவசர இலக்கத்துக்கு அடிக்க வேண்டிவரும் என்றேன். அப்புறம்தான் அடங்கினார். யார் போட்டது என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச பொடியன், நல்ல பொடியன், அறுநூறு பவுண் குறைச்சுச் செய்து தந்தவன்." வேலை முடிந்ததும் தபாலில் பேப்பர் ஏதும் வந்ததா? இல்லை. புதுப் பொய்லர் போட்டால் முப்பது நாளுக்குள் அதைப் பதிவுசெய்ய வேண்டும், செய்தால் வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் தபாலில் வரும். வீடு விற்கும்போது சொலிசிட்டர் கேட்பது அந்தத் தாளைத்தான்.

"அவனிட்டக் கார்ட் இருந்தது" என்று போனில் படத்தைக் காட்டினார் ஐயா. மஞ்சள் கார்ட், படம், ஏழு இலக்க எண், எல்லாம் சரி. அந்த எண்ணை, காஸ் வேலைக்காரர்களைப் பதிவுசெய்கிற காஸ் சேஃப் ரெஜிஸ்டரின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். உண்மையான ஆள்தான், பொய்யில்லை. ஆனால் தகுதி காஸ் அடுப்புக்கு மட்டும். பொய்லருக்கு இல்லை. கார்டின் பின்பக்கத்தில் எழுதியிருப்பது அதுதான், ஐயா எடுத்து வைத்திருந்தது முன்பக்கத்தை.

காசு கட்டினால் யாருக்கும் கொடுக்கிற பேப்பர்தானே என்றும் ஐயா சொன்னார். பலர் அப்படி நினைக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் திரும்பப் பரீட்சை எழுதுகிறோம், நாங்கள் செய்த வேலையை அதிகாரி வந்து திறந்து பார்ப்பார். இந்தப் பதிவு முறையின் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது, அதுவும் ஐயா வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. 1968 மே 16 அதிகாலை, கனிங் டவுனில் ரொனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் ஒரு பெண் தேத்தண்ணி போட அடுப்பைப் பற்றவைத்தார். காஸ் இணைப்பில் தரமில்லாத ஒரு பித்தளை நட். கசிந்த காஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நான்கு பேர் செத்தார்கள். அதன் பிறகு 1970-இல் காஸ் வேலைக்காரர்களுக்கான கோர்கி பதிவு வந்தது, 2009 ஏப்ரல் 1-இலிருந்து அதன் இடத்தில் காஸ் சேஃப்.

நானும் சுத்தமில்லை. ஒருவரிடம் கையாளாக நின்ற காலத்தில், பதிவில்லாமல், மச்சான் வீட்டுக்குக் காஸ் அடுப்பு பூட்டிக் கொடுத்தேன். அடுப்பு எரிந்தது, மச்சான் சோறு தந்தார், எல்லோருக்கும் சந்தோசம். பரீட்சை பாஸான பிறகு மனம் கேட்காமல், காஸ் அழுத்தம் அளக்கிற மானோமீட்டரோடு போனேன். குழாயின் அழுத்தத்தை இருபது மில்லிபாருக்கு ஏற்றி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் எண் இறங்கிக்கொண்டே போனது. நான் பூட்டிய மூட்டில்தான் கசிவு. இரண்டு பிள்ளைகள் படுக்கிற அறை அதற்கு நேர் மேலே. மச்சானிடம் "சும்மா சர்வீஸ்" என்று சொல்லித் திருத்திவிட்டு வந்தேன். உண்மையை இன்றுவரை சொல்லவில்லை.

அன்ரி வீட்டுப் பிளாஸ்டிக் கூரையை மறுநாளே மகன் கழற்றிவிட்டான். அதன் பிறகு எரிப்பைச் சரிசெய்து, அளந்து பார்த்துத்தான் பொய்லரைத் திரும்பப் போட்டேன். போன மாதம் வருட சர்வீசுக்குப் போனபோதும் அன்ரிக்கு என்மேல் கோபம் ஆறவில்லை. மழை பெய்தால் மீன் பொரிக்க இடமில்லையாம். தலையிடி எப்படி என்று கேட்டேன்.

"அது வேற கதை" என்றார், "நீ கூரைக்கு ஒரு வழி சொல்லு."