மதகுக்கு அந்தப் பக்கம்

கனடாவில் வான்கூவரை ஒட்டிய ரிச்மண்டுக்குக் குடிவரும் யாருக்கும் முதலில் கண்ணில் படுவது கரைதான். ஃபிரேசர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருக்கும் தீவுகள்தான் ஊரே. தாழ்ந்த தரை, சுற்றிலும் கரை போட்டுத் தண்ணீரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் மாலை நடையும் அதன் மேல்தான்.

இங்கே சால்மன் என்றாலே இலையுதிர்காலப் பேச்சுதான். கடலில் வளர்ந்த பெரிய மீன்கள் பிறந்த ஆற்றுக்கே திரும்பி ஏறுவதைப் பார்க்க ஜனம் குடும்பத்தோடு கிளம்பிப் போகும். புலம்பெயர்ந்தவர்கள் கூடினால் யாராவது ஒருவர் நம்மையும் அந்த மீனையும் சேர்த்துப் பேசிவிடுவார். திரும்பி வந்து முட்டையிட்டதும் அது செத்துப்போகும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்!

எனக்கென்னவோ வசந்தகாலம்தான் சுவாரசியம். கடல் ஏறும்போது கரைக்கு வெளியே கோரைகளுக்கு இடையிலுள்ள சின்ன ஓடைகள் நிரம்பும். அவற்றில் விரல் நீளம்கூட இல்லாத சால்மன் குஞ்சுகள், விலாவில் கரும்பட்டைகளோடு, புழு பூச்சிகளையும் கூனி மாதிரியான சிற்றுயிர்களையும் தின்றுகொண்டிருக்கும். தண்ணீர் வடிந்தால் அவையும் ஆழத்துக்கு இறங்கிவிடும். எல்லா வகையும் இப்படித் தங்குவதில்லை. சாக்கை என்ற சால்மன் வகை பெரும்பாலும் ஏரியில் ஒரு வருடம் வளர்ந்துவிட்டு வருவதால் அதிகம் நிற்காது. ஃபிரேசரில் வந்து சேரும் ஹாரிசன் ஆற்றின் சினூக் வகைக் குஞ்சுகளோ பிறந்த சூட்டோடு இறங்கி வந்து வாரக்கணக்கில் இங்கேயே கிடக்கும். ஆற்றில் இருந்தவரை உப்பை உடம்புக்குள் இழுத்த செவுள், இனி அதை வெளியே தள்ளப் பழகவேண்டும். பட்டைகள் மங்கி உடம்பு வெள்ளியாகும். இங்கே எவ்வளவு கொழுக்கிறதோ, கடலில் பிழைக்கும் வாய்ப்பும் அவ்வளவு. அப்புறம் சில வருடம் கழித்து, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே முகத்துவாரம் வழியாக மேலே ஏறும்.

சிக்கல் என்னவென்றால், பழைய சதுப்பில் பெரும்பகுதி இன்று கரைக்கு உள்ளே, அதாவது எங்கள் பக்கம் இருக்கிறது. எங்கள் ஊரின் ஸ்டீவ்ஸ்டன் பகுதியில் கப்பல் வழிக்காகப் போட்ட நீண்ட கல்தடுப்பும் குஞ்சுகளை மேய்ச்சல் இடத்துக்குப் போகவிடாமல் மறித்தது. 2019-இல் ரெயின்கோஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் அதில் வழி திறந்துவிட்டார்கள். அந்த வழியைக் குஞ்சுகள் பயன்படுத்தவும் செய்கின்றன.

ஆனால் ஊர்க்கரையை உடை என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் குடியிருப்பதே அதற்குள்தான். கடல்மட்டம் ஏறுகிறது என்று நகராட்சி அதை இன்னும் உயர்த்துகிறது. சரி, உயர்த்தட்டும். கரையிலுள்ள மதகுகளையாவது மீன் போக வரத் தோதாக மாற்றலாம் என்றுதான் கேட்கிறேன்.