மேசை ஏன் காலியாகக் கிடந்தது: சி.டி., எக்ஸ்ரே பிரிவில் வேலையைப் பிரித்துக்கொண்ட அனுபவம்

ஸ்கேன் தாமதம் என்றதும் எல்லோரும் கேட்பது இன்னொரு மெஷின். அதற்கு முன் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு நேரங்களைக் குறித்துப் பார்த்தோம்: பிரிவுக்கு வந்தது, ஸ்கேன் மேசையில் ஏறியது, இறங்கியது, ரிப்போர்ட் கையெழுத்தானது. ஸ்கேனுக்குச் சில நிமிடங்களே ஆயின. கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட ஆள் வரவில்லை, கிரியேட்டினின் (கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும் முன் சிறுநீரகத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வரவில்லை, எந்த புரோட்டோகால் (ஸ்கேன் எடுக்கும் முறை) என்று டாக்டர் சொல்லவில்லை. மேசை காலியாகக் கிடந்தது இதனால்தான்.

கிரியேட்டினின் எளிது. அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே பார்த்து, இ.ஜி.எஃப்.ஆர். (கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் சிறுநீரகச் செயல்திறன் அளவு) 30-க்குக் கீழே உள்ளவர்களை மட்டும் டாக்டரிடம் கேட்டால் போதும். வழக்கமான ஸ்கேன்களுக்கு, ரேடியாலஜிஸ்ட் (படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தரும் டாக்டர்) ஒப்புதல் தந்த பட்டியலைப் பார்த்து, படம் எடுக்கும் மூத்த ரேடியோகிராபரே புரோட்டோகாலை முடிவு செய்கிறார்.

கேனுலாவுக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. ரேடியோகிராபர்களும் நர்ஸ்களும் பயிற்சி எடுத்து, மேற்பார்வையில் போட்டுக்காட்டி, எழுத்துபூர்வ அனுமதி பெற்ற பிறகே தனியாகப் போடுகிறார்கள். முந்தைய நோயாளி மேசையில் இருக்கும்போதே அடுத்தவருக்கு வெளி அறையில் போட்டாகிவிடும். ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய் ஸ்கேன்) கான்ட்ராஸ்ட் (படத்தில் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) வினாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் ஏறும், முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் வேண்டும். புறங்கையில் அதைவிட மெல்லிய 22 கேஜ் போட்டு வார்டிலிருந்து அனுப்பினால் அழுத்தம் கூடி இன்ஜெக்டர் நின்றுவிடும், இல்லையென்றால் மருந்து தோலுக்கடியில் கசியும். சலைன் ஏற்றிச் சோதிக்காமல் மேசைக்கு அனுப்பக் கூடாது. சலைன் ஏறும்போது சுற்றிலும் வீங்குகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருப்பதிலும், ஒவ்வாமைக்கான அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதிலும் சமரசமே கிடையாது.

அவசரப் பிரிவு எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்தால் ரேடியோகிராபர் சிவப்புப் புள்ளி வைக்கும் முறை 1980-களில் பிரிட்டனில் வந்தது. நல்ல முறைதான். ஆனால் புள்ளி இல்லாத படம் நார்மலா, யாரும் பார்க்கவில்லையா என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதச் சொன்னோம்: "வலது ரேடியஸ் கீழ்முனையில் முறிவு, பின்பக்கம் விலகல்." வெறுமனே "சந்தேகம்" என்றால் நடுராத்திரியில் பார்க்கும் டாக்டருக்கு அதனால் பயனில்லை. பெரியவர்களின் கை, கால் படங்களில் தொடங்குங்கள். குழந்தைகளின் முழங்கை பிறகு வரட்டும். இன்னும் எலும்பாகிக்கொண்டிருக்கும் வளர்ச்சி மையங்கள் முறிவு போலவே தெரிந்து ஏமாற்றும்.

இந்தக் குறிப்புகளை இறுதி ரிப்போர்ட்டோடு ரேடியாலஜிஸ்ட் உட்கார்ந்து ஒப்பிட்டுச் சொல்லித்தர வேண்டும். வேலை கூடும்போது முதலில் கைவிடப்படுவது இந்தக் கூட்டம்தான். டியூட்டி பட்டியலிலேயே அதற்கு நேரம் ஒதுக்குங்கள். உடை மாற்றுவது, வீல்சேர் தள்ளுவது போன்றவற்றை உதவியாளர்களுக்கு மாற்றாமல் ரேடியோகிராபர் தலையில் புதுப் பொறுப்பை மட்டும் ஏற்றினால், குறிப்பு எழுதுவது தானாகவே நின்றுவிடும்.