செவிட நாயனாருக்கு ஒரு பிடி உப்பு

பெங்களூரு மடிவாளாவில் பஸ் ஏறும்போது மணி காலை ஐந்தே முக்கால். அத்தை மடியில் ஒரு சுருக்குப் பை. அதற்குள் கல்லுப்பும் மிளகும் கலந்து கிடந்தன. என் மடியில் ஒரு சீப்பு ஏலக்கிப் பழமும் ஈரத்துணியில் சுற்றிய தவனம் என்கிற வாசனைத் தழையும். தவனத்தை முந்தின நாள் சாயங்காலமே கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ராத்திரி பால் எடுக்கத் திறந்த என் மகன், "அம்மா, ஃப்ரிட்ஜுக்குள்ள கோயில் வாசனை வருது" என்றான். பாலிலும் வந்தது. காலையில் அந்தக் காபியை யாரும் குறை சொல்லாமல் குடித்தது ஆச்சரியம்தான்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பிறந்த ஊர் ஓசூரிலிருந்து தளி போகும் ரோட்டில் ஒரு சின்னக் கிராமம். கல்யாணமாகி அல்சூருக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் "நம்ம ஊர்த் தேரு" என்று அவர் சொன்னால் அது ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்தான். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேயும் தேர் உண்டு, பூப்பல்லக்கு உண்டு. பல்லக்கு நாளில் எங்கள் தெருவில் தூங்கவே முடியாது. அதெல்லாம் அத்தைக்கு அக்கம்பக்கத்து வீட்டு விசேஷம் மாதிரி. போவார், சாப்பிடுவார், வருவார்.

இந்த வருஷம் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். உடனே அவர் போட்ட கண்டிஷன் ஒன்றுதான்: கார் கூடாது. தேருக்குப் போகிறவள் தேர் மாதிரி மெதுவாகத்தான் போக வேண்டுமாம். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பறந்த பஸ், இறங்கியதும் சந்தாபுராவில் அந்தக் கண்டிஷனை ஒழுங்காக நிறைவேற்றிக் கொடுத்தது. முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம்.

அத்திப்பள்ளி தாண்டினால் ஜூஜுவாடி. போர்டுகளில் எழுத்து மாறுகிறது, போனில் வெல்கம் மெசேஜ் வருகிறது, எல்லை என்று சொல்ல அவ்வளவுதான். ஓசூர் வெள்ளைக்காரன் காலத்திலேயே சேலம் ஜில்லாவில் சேர்ந்தது. பக்கத்து ஆனேக்கல் மைசூரு மகாராஜா சீமை. 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோதும் ஓசூர் இந்தப் பக்கமே நின்றது, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தது. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? அத்தை வீட்டில் தமிழ், எதிர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். "மாடுங்ககிட்ட?" என்று ஒருமுறை கேட்டேன். "அது எந்த வீட்ல பொறந்துச்சோ அந்தப் பாஷை" என்றார். ஆனேக்கலில் வாங்கி வந்த மாடு ஒன்று கடைசிவரை கன்னடத்தில் அதட்டினால்தான் நகருமாம்.

தேர்ப்பேட்டையில் இறங்கியபோது வெயில் இன்னும் சுடவில்லை. மலைக்கோயிலுக்கு வண்டி போகும் ரோடு இருக்கிறது. அத்தை படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்டோவைக் கை தட்டினார். காருக்கு இருந்த சட்டம் ஆட்டோவுக்கு இல்லை போலிருக்கிறது.

மேலே நின்று பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். கட்டடங்கள், கட்டடங்கள், நடுவில் மிச்சமிருக்கிற பச்சை. பக்கத்துக் குன்றில் பெருமாள், இன்னொன்று பிரம்மாவுக்கு என்று மூன்று குன்றுகளையும் மும்மூர்த்திகளுக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். சுவாமி சந்திரசூடேஸ்வரர், அம்பாள் மரகதாம்பிகை. பழைய கல்வெட்டுகளில் ஊருக்குச் செவிடபாடி என்றும் சுவாமிக்குச் செவிட நாயனார் என்றும் பெயர்.

இந்தப் பெயரை வைத்து அத்தைக்கு ஒரு சொந்த சித்தாந்தம் உண்டு. "இந்தச் சாமிக்குக் காது மந்தம் கண்ணு. மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா ஏறாது. வாய்விட்டுக் கேக்கணும்."

தல புராணம் வேறு மாதிரி சொல்கிறது. ஈசன் பொன்னாக மின்னும் உடும்பாக உருமாறிக் காட்டுக்குள் ஓடுகிறார். அம்பாள் விளையாட்டாகத் துரத்துகிறாள். தவத்தில் இருந்த முனிவர் இரண்டு பேர் குறுக்கே வந்ததில் உடும்பு கைநழுவிப் போகிறது. கோபத்தில் ஒருவரை ஊமையாகவும் ஒருவரைச் செவிடாகவும் போகும்படி சபித்துவிடுகிறாள். அப்புறம் அவள் உடும்பின் வாலைப் பிடிக்க, மரகதப் பச்சை பரவுகிறது. அதனால் மரகதாம்பிகை. முனிவர்களின் குறையைத் தீர்த்து வைத்தவர் செவிட நாயனார். ஆகக் காது கேட்காமல் போனது முனிவருக்கு, சாமிக்கு இல்லை. இதை நான் வரிசையில் நின்றபடி அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகுதான் தெரிந்தது, கூட்டச் சத்தத்தில் காது மெஷின் கீச்சென்று கத்துகிறது என்று எப்போதோ அதைக் கழற்றிவிட்டிருக்கிறார். எனக்கு முன்னால் நின்ற கன்னடக்காரப் பெண்மணிதான் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் திரும்பி, "சென்னாகி ஹேளித்ரி" என்றார், நன்றாகச் சொன்னீர்கள் என்று. அந்த ஒரு பாராட்டு போதும்.

சன்னிதியில் நின்றது அரை நிமிஷம் இருக்கும். கற்பூர ஆரத்தியில் பட்டை ஒருமுறை மின்னியது. அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அத்தை மட்டும் தன் சித்தாந்தப்படி, "சாமி, பேரனுக்கு நல்ல எடத்துல வேலை அமையணும்!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டு முடித்தார். அவர் பேரனுக்கு வயது பதினொன்று.

கீழே வந்தால் தேர்ப்பேட்டை முழுக்கத் தலைகள். முதலில் பிள்ளையாரின் சின்னத் தேர் கிளம்பியது, பின்னால் சுவாமி, அதற்கும் பின்னால் அம்பாள். ஒரு பக்கம் தப்பட்டை, ஒரு பக்கம் நாதஸ்வரம். "ஹர ஹர மகாதேவா" என்று ஒரு கூட்டம், அதை முடிக்கவிடாமல் "நமப் பார்வதீ பதயே" என்று இன்னொரு கூட்டம். தெலுங்கில் யாரோ பிள்ளையைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட, கன்னடத்தில் ஒருவர் பதில் சொல்லி, தமிழ் போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை எந்தப் பாஷையிலும் அழவில்லை. கையில் பஞ்சுமிட்டாய் இருந்தது.

வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். ஆனால் என் கண் வடத்தில் நிற்கவில்லை, சக்கரத்தின் பக்கம் போய்விட்டது. அங்கே ஐந்தாறு ஆட்கள், கையில் முட்டுக்கட்டை. பேச்சில் எத்தனை முறை "முட்டுக்கட்டை போடாதே" என்று சொல்லியிருப்பேன், நிஜமான கட்டையைப் பத்தடி தூரத்தில் பார்த்தது அன்றுதான். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் சரிவாகவும் செதுக்கிய மரத்துண்டு. சரிவான பக்கம் முழுக்கச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கி, நார் நாராகக் கருத்துப் போயிருந்தது. ஒரு பெரியவர், அறுபது வயது இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். கண் சக்கரத்திலிருந்து நகரவே இல்லை. முன்னால் இருந்து விசில் வந்ததும் குனிந்து கட்டையைச் சொருகி, அதே வீச்சில் கையை இழுத்துக்கொண்டார். க்ரக் என்று ஒரு சத்தம். கட்டையிலிருந்து லேசாகப் புகை. அவ்வளவு பெரிய தேர் குலுங்கி நின்றது. திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுக்கிறார்கள். மறுபக்கம் உருள, தேர் அதைச் சுற்றிக்கொண்டு முகம் திருப்புகிறது. வடம் இழுக்க ஆயிரம் பேர், திருப்புவது இந்த ஐந்தாறு பேர். பெரியவர் நிமிர்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் ஒரு டம்ளர் மோர் நீட்டினார். குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அத்தை முழங்கையால் இடித்தார். "பழம் எடு."

பழத்தின் நுனியைக் கீறித் தவனக் கொத்தைச் செருகித் தேரின் கலசத்தைப் பார்த்து எறிய வேண்டும். கர்நாடகத்தில் ஜாத்ரே, அதாவது கோயில் திருவிழா என்றால் இந்தப் பழமும் தவனமும் இல்லாமல் இருக்காது. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஜோடியாக வந்து வீசுவார்கள். உப்பும் மிளகும் வேறு கணக்கு. உடம்பில் மருவோ கட்டியோ வந்தால் நேர்ந்துகொண்டு இறைப்பது. தேரின் மேல் எல்லாம் சேர்ந்தே விழுகிறது. நான் வீசிய முதல் பழம் தேரைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனது, யார் தலைக்கு என்று தெரியவில்லை. இரண்டாவது தேர்ச்சீலையில் பட்டு வழுக்கியது. மூன்றாவதை எறியக் கை ஓங்கியபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து பறந்து வந்த பழம் ஒன்று என் கண்ணாடியில் சப்பென்று அப்பியது. நியாயம்தான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அத்தை சுருக்குப் பைக்குள் கைவிட்டுப் பிடி பிடியாக அள்ளி வீசிக்கொண்டிருந்தார். வலது தோளை மேலே தூக்க முடியவில்லை என்று மூன்று மாதமாக பிசியோதெரபிக்குப் போகிற கை அது. கடைசியில் பையையே தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். ரோடு முழுக்க உப்பும் மிளகும் நசுங்கிய பழமும். செருப்பில்லாத காலுக்கடியில் மிளகு நறநறவென்றது. அந்த வாசனையை எழுத வரவில்லை. பானகத்து வெல்லம், தவனம், வியர்வை, கற்பூரம் என்று பட்டியல்தான் போட முடிகிறது.

தெருவுக்குத் தெரு பந்தல். மோர், பானகம், தொன்னையில் பருப்பு ஊறவைத்துக் கலந்த கோசம்பரி. ஒரு பந்தலில் பிசிபேளாபாத்தும் புளியோதரையும் அடுத்தடுத்த அண்டாவில். எது வேண்டும் என்று கேட்காமல் இரண்டையும் ஒரே இலையில் வைத்தார்கள். பல்லக்கு உற்சவத்துக்கும் இருந்துவிட்டுப் போகலாமே என்று அத்தை இழுத்தார். எனக்கு மறுநாள் ஆபீஸ். இன்னும் ஒரு மாதத்தில் சித்ரா பௌர்ணமிக்குப் பெங்களூரு கரகம் வரும், தர்மராயர் கோயிலில் இருந்து கிளம்பி மஸ்தான் சாகிப் தர்காவுக்குப் போய்விட்டு விடிய விடியச் சுற்றும், அதற்குக் கூட்டிப்போகிறேன் என்று சமாதானம் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் அத்தை சுருக்குப் பையைத் திறந்தார். விரலை விட்டுத் துழாவினார். வெளிப்பக்கமாகத் திருப்பினார். தையலில் சிக்கியிருந்த இரண்டு மிளகு விழுந்தது.

"மெஷினை இதுலதானே போட்டேன்" என்றார்.

இடது காதைப் பார்த்தேன். காலி. 18,000 ரூபாய், வாங்கி ஏழு மாதம். எழுந்து ஓடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எங்கே ஓடுவது? அதன் மேல் தேர் போயிருக்கும், தேருக்குப் பின்னால் ஊரே போயிருக்கும். என் முகத்தைப் பார்த்து அத்தைக்கும் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அவருக்குத்தான் காது மந்தமாச்சே. வெச்சிக்கட்டும் போ."

ஜூஜுவாடி தாண்டுவதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து போன். விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் ஏற ஏற, பஸ்ஸில் நான்கு பேர் திரும்பினார்கள். அத்தை என் பக்கம் சாய்ந்து, "என்னவாம்? என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"சாப்ட்டீங்களான்னு கேக்கறாரு அத்தை" என்று அவர் காதோரம் கத்தினேன்.

"கோசம்பரி நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றார்.