மணி கொட்டாவி விட்ட நாள்

பஞ்சு என்ற முயலை வீட்டுக்குக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை என் நாய் மணி மோந்து பார்த்து வாலாட்டினான். பிடித்துப்போய்விட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். வால் ஆடியது உண்மைதான். ஆனால் உடம்பு விறைத்திருந்தது, வாய் இறுக மூடியிருந்தது, கண் சிமிட்டவே இல்லை. அது பாசம் இல்லை, குறி பார்ப்பது. இது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

முதல் வாரம் பஞ்சுக்குத் தனி அறை, கதவு சாத்தியே இருந்தது. ஒருவர் வாசனை மற்றவருக்குப் பழகட்டும் என்று துணிகளை மட்டும் மாற்றிப் போட்டேன். அவள் படுத்த துணி மணியின் பாயில், மணியைத் துடைத்த துணி அவள் கூண்டோரம். முதல் நாள் பின்காலால் தரையில் டம்மென்று அடித்தாள். ஆபத்து என்று முயல் சொல்லும் விதம் அது. ஐந்தாம் நாள் அதே துணிமேல் உட்கார்ந்து உலர்புல் மென்றாள்.

இரண்டாம் வாரம் நடுவில் கம்பித் தடுப்பு வைத்தேன், மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டேன். முயலைக் கையில் தூக்கி நாயிடம் காட்டுகிற வேலையை மட்டும் செய்யவில்லை. தப்பிக்க வழியில்லாமல் உதைத்துத் திமிறினால் முதுகெலும்பே முறிந்துவிடலாம், பின்காலில் அவ்வளவு வலு.

மூன்றாம் வாரம் சொதப்பினேன். எனக்கு வசதி என்று அந்திநேரத்தில் சந்திப்பை வைத்தேன். முயல்கள் சுறுசுறுப்பாவதே விடியலிலும் அந்தியிலும்தான். பஞ்சு குஷியில் துள்ளி, காற்றிலேயே உடம்பைத் திருப்பி ஓடினாள். ஓடுவதைக் கண்டால் நாய்க்குத் துரத்தத் தோன்றும், மணி பாய்ந்தான். கயிறு என் கையில் இருந்ததால் தடுப்பைச் சாய்த்ததோடு நின்றது. பஞ்சு பெட்டிக்குள் போனவள் வெளியே வரவில்லை. கீரையைத் தொடவும் இல்லை.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயமே அதை நிறுத்திவிடக்கூடும். அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். அன்றிரவு டார்ச் அடித்துப் புழுக்கை எண்ணினேன். பதினொரு மணிக்கு எட்டு, அதுவும் கடுகுக்கு அண்ணன் மாதிரி. நாலு மணிக்கு இருட்டில் சரக், சரக்கென்று உலர்புல்லை இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம்.

மறுபடி முதலிலிருந்து. இந்தமுறை பஞ்சு சோம்பிக் கிடக்கும் நண்பகல். அதுவும் மணியை நன்றாக நடக்கவிட்ட பிறகு. தடுப்பைச் சுவரோடு கட்டினேன். பஞ்சின் பெட்டிக்கு இரண்டு வாசல் வெட்டினேன், ஒரே வாசல் என்றால் மூலையில் மாட்டிக்கொள்வாள்.

பெரிய மாற்றம் தின்பண்டத்தில். முன்பு முயலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்ததற்குக் கொடுத்தேன். வெறித்துப் பார்க்க நானே கூலி கொடுத்திருக்கிறேன்! இப்போது பஞ்சைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால் மட்டும் ஒரு துண்டு. முதல் நாள் திரும்பவே நாற்பது விநாடி ஆனது. ஆறாம் வாரம் தலை தானாகவே திரும்பிவிடும். ஏழாம் வாரம் ஒருநாள் பஞ்சு தடுப்போரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மணி ஒரு பார்வை பார்த்தான், கொட்டாவி விட்டான், முதுகைக் காட்டிப் படுத்தான். இருவரும் கட்டிப்பிடித்துத் தூங்கும் படம் எடுக்கத்தான் ஆசைப்பட்டேன். கிடைத்த இந்த அலட்சியம் அதைவிட மேல்.

இது ஒன்பதாம் வாரம். தடுப்பை எடுக்கவில்லை. நான் வெளியே போனால் அறைக்கதவும் சாத்தித்தான் இருக்கும், அதில் சலுகை கிடையாது. மணி புழுக்கையை மிட்டாய் மாதிரி பொறுக்கித் தின்கிறான்; பெருக்கிப் பெருக்கி எனக்குத்தான் இடுப்பு போகிறது.

நேற்று மணி தடுப்பில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நைலான் கயிறு கம்பிக்குள் கொஞ்சம் நுழைந்து கிடந்திருக்கிறது. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பஞ்சு அதை இரண்டு துண்டாக்கியிருந்தாள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, வேறென்ன செய்யும். மணி எழுந்திருக்கவே இல்லை. நார் எதையும் விழுங்கியிருக்கிறாளா என்று நான்தான் மறுபடி புழுக்கையைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்.